அப்பா தோற்ற லாவணி

எங்கள் அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் லாவணியில் தோற்றார். பேர்போன பாட்டுக்காரர் யாரிடமாவது தோற்றிருந்தால்கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. அம்மாவிடம் தோற்றார். மரவள்ளிக்கிழங்கு வேகிற நேரத்தில் அடுப்படியில் உட்கார்ந்து பாட்டுக் கட்டிய அம்மாவிடம், தோட்டத்துச் சனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில் தோற்றார். எட்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதுகூட எனக்கு அவ்வளவாக உறைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாவணி தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். ஆமணக்குக் கொம்போடு கரும்பைச் சேர்த்து, மலையில் வைக்கோல் ஏது, காய்ந்த புல்லைப் பிரியாகத் திரித்துச் சுற்றி, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு முன்னால் நட்டுவிட்டால் அதுதான் காமன். இரண்டு பேர் ரதியாகவும் மன்மதனாகவும் வேஷம் கட்டி ஆடுவார்கள். அவர்களுக்குக் கல்யாணம் நடக்கும். பௌர்ணமியன்று சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிப்பார். எரித்த இடத்திலேயே லாவணி தொடங்கும். காமன் எரிந்து சாம்பலாகிவிட்டான் என்று பாடுகிறவர்கள் எரிந்த கட்சி. இல்லை, ரதியின் கண்ணுக்கு அவன் இன்னும் தெரிகிறான் என்று எதிரே உட்கார்ந்து பாடுகிறவர்கள் எரியாத கட்சி. கேள்வியும் பாட்டு, பதிலும் பாட்டு. பதில் வராமல், கையால் தட்டிப் பாடும் டேப் என்கிற வட்டத் தோல்கருவியைக் கீழே வைத்தவர் தோற்றவர்.

அப்பா எரிந்த கட்சி. கங்காணி வேலை அவருக்கு இரண்டாம் பட்சம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாராவது வாயாடினாலும் அவர்களுக்குப் பாட்டிலேயே பதில் கொடுத்து அனுப்புவார். வருஷா வருஷம் காமனைச் சாம்பலாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். எதிராளி டேப்பைக் கீழே வைக்கும்போது அப்பா மீசையை ஒரு தடவை தடவிக்கொள்வார். அந்தத் தடவலைப் பார்க்கவே நான் முன்வரிசையில் போய் உட்காருவேன்.

ஜப்பான் காலத்து இரண்டாவது மாசி வந்தபோது கூத்து நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. கவாத்து வெட்ட ஆளில்லாமல் தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. பாதி மலையில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டிருந்தோம். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். ஆண்கள் சாக்கைக் கிழித்து இடுப்பில் கட்டியிருந்தார்கள். வேஷம் கட்டத் துணிக்கு எங்கே போவது? பொழுது சாய்ந்தபின் வெளியே நெருப்பு தெரியக் கூடாது என்று வேறு உத்தரவு இருந்தது. அப்பாவும் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியும் தானா ராத்தா டவுனுக்கு நடந்தே போய், ஜப்பான் அதிகாரியிடம் குனிந்து குனிந்து கும்பிட்டு அனுமதி வாங்கி வந்தார்கள். அனுமதிக்கு இரண்டு நிபந்தனை. எல்லாவற்றையும் பகலிலேயே முடித்துவிட வேண்டும். கூத்து தொடங்குமுன் எல்லாரும் கிழக்கே பார்த்துச் சக்கரவர்த்திக்கு வணக்கம் வைக்க வேண்டும். எங்கள் லயத்துக்குக் கிழக்கே கக்கூஸ் வரிசைதான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பி அத்தனை பக்தியோடு நாங்கள் குனிந்ததை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், வேஷம் கட்ட ஆள் இல்லை. எப்போதும் ரதியாக வருகிறவர் இடுப்பு ஒடுங்கிய ஓர் அண்ணன். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். மன்மதனையும் எரியாத கட்சிப் பாட்டுக்காரர்கள் இருவரையும் முதல் லாரியிலேயே சயாமுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே ரயில் பாதை போடுகிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

"ரதி வேஷம் நான் கட்டறேன்" என்றாள் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடு அதே ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். பத்தொன்பது வயது. கொழுந்து கிள்ளுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிடிவாதத்திலும் அப்படித்தான்.

அப்பா குதித்தார். "பொம்பளப் புள்ள அரிதாரம் பூசிக்கிட்டு ஆடறதா? சனம் காறித் துப்பும்."

"அப்ப நீங்க கட்டுங்க" என்றாள் அம்மா, கிழங்குத் தோலைச் சீவியபடி. "மீசைய எடுத்துட்டாப் போச்சு. சீலை நான் தரேன்."

அப்பாவின் கை தானாக மீசைக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மன்மதன் வேஷத்துக்கு ஆள் கிடைத்த கதைதான் விவகாரம். எங்கள் தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு இருந்தன. மேட்டில் இருப்பதால் மட்டும் அதற்கு மேல் லயம் என்று பேரில்லை. கீழ் லயத்தில் நான் தண்ணீர் வாங்கிக் குடித்தால் வீட்டில் அடி விழும். கூத்தில் அவர்களுக்குத் தப்பு அடிக்கிற வேலை மட்டும்தான். அந்த வருஷம் மேல் லயத்தில் நடக்கத் தெம்புள்ள வாலிபன் ஒருவன்கூட மிச்சமில்லை. கீழ் லயத்தில் தப்பு அடிக்கும் பையனுக்குத்தான் எல்லா அடவும் மனப்பாடம். பிற்பாடு நான் மாமா என்று கூப்பிட்டது அவரைத்தான். "வேசம் கட்டிட்டா சாமி. அப்புறம் மேலென்ன கீழென்ன" என்றார் காமன் கோயில் பூசாரி. கூத்து நின்றுபோவதைவிட இது தேவலை என்று மேல் லயத்தார் சம்மதித்தார்கள். வேஷம் கலைத்ததும் அவர் பழையபடி கீழ் லயத்துக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதானே.

அவருக்கும் அத்தைக்கும் உள்ள சங்கதி ஊருக்கே தெரியும். கிழங்குக்காட்டில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த பாத்தி. அத்தை பாத்தியில் களை மண்டும், அவர் பாத்தியிலும் மண்டும். நடுவில் இருந்த வரப்பில் மட்டும் ஒரு புல் முளைத்து நான் பார்த்ததில்லை. தை மாதம் அவருடைய அம்மா எங்கள் வாசலுக்கு வந்து, எட்டி நின்றபடியே பெண் கேட்டாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து அத்தனை தலைகளும் எட்டிப் பார்த்தன. "என் வாயால அந்தச் சம்மதம் வராது. போயிட்டு வா தாயி" என்று அப்பா சொல்லிவிட்டார். அன்று அத்தை சாப்பிடவில்லை. அப்பாவும் தட்டில் போட்டதை அளைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்துபோனார்.

இத்தோடு லிஸ்ட் வந்து சேர்ந்தது. மாசிப் பௌர்ணமி கழிந்ததும் அடுத்த லாரி வரும், கல்யாணமாகாத ஆண்களின் பேரை எழுதித் தர வேண்டும் என்று தானா ராத்தாவிலிருந்து கிராணிக்கு உத்தரவு. எங்கள் தோட்டத்தில் மூன்று பேர் தேறினார்கள். மூன்றாவது பேர் மாமாவுடையது. கிராணியின் மேசைமேல் கல் ஒன்றை வைத்து அழுத்திய அந்தத் தாளை, கிழங்குக் கணக்குக் கொடுக்கப் போன அப்பாவோடு போய் நானும் பார்த்தேன். அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று பேரைப் படிக்க இவ்வளவு நேரமா என்று நினைத்துக்கொண்டேன்.

கூத்தில் கல்யாண நாள் வந்தது. காலையிலிருந்தே மஞ்சு இறங்கி, எதிர் மலை தெரியாமல் மூடியிருந்தது. அம்மாவின் கூறைச் சீலையில் அத்தை ரதியாக வந்து நின்றபோது லயத்துப் பெண்கள் கிட்டே வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அதுவரை ரதி என்றால் அவர்களுக்கு அரிதாரத்துக்கடியில் கரகரவென்று தாடி முளைத்த ஒரு முகம். மாமாவுக்குத் தலையில் அட்டைக் கிரீடம், கையில் கரும்பு வில். பிரிஞ்சாங் ராவுத்தர் கடையில் கெஞ்சி வாங்கிய விரலி மஞ்சளும் நூலும்தான் தாலி.

பூசாரி மந்திரம் சொல்லித் தட்டை நீட்டினார். தப்பு முழங்கியது. மாமா தாலியை எடுத்தார். அத்தை தலையைக் குனிந்தாள். மாமா கட்டினார். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவது வழக்கம். கூத்தில் நாத்தனார் ஏது? அதையும் அவரே போட்டார்.

தப்பு நின்றுவிட்டது. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"அடப்பாவி, என்னடா காரியம் பண்ணே?"

"ஏன்? போன வருசம் அண்ணனுக்கு இப்படித்தானே கட்டினாங்க?" என்றார் மாமா. முகமெல்லாம் நீல அரிதாரம், கண் மட்டும் மிரண்டு போயிருந்தது. "அதுக்கு முந்தின வருசமும் கழுத்துலதான் கட்டினாங்க. நான் தப்பு அடிச்சிட்டுப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

உண்மைதான். ஆம்பளை ரதிக்குக் கழுத்தில் கட்டுவதுதான் பழக்கம். இந்தத் தடவை ரதி பொம்பளை, அதனால் காமன் கொம்பில் கட்டு என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அத்தைக்குத் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அவள் எதற்குச் சொல்கிறாள்!

"இப்பவே அவுத்துப் போடு" என்றது ஒரு குரல்.

"ஐயோ, கூடாது. காமன் எரியறதுக்கு முன்னால ரதி தாலிய அவுத்தா தோட்டத்துக்கே ஆகாது" என்று பூசாரி பதறினார்.

"எரிஞ்சப்புறம் அவுத்தா மட்டும்? அப்புறம் அந்தப் புள்ள தாலியறுத்தவ இல்லையா? அவளை யாரு கட்டுவா?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"கூத்துல கட்டினது எப்படிப்பா தாலியாகும்?"

"மூணு முடிச்சு விழுந்துச்சா இல்லையா? அதச் சொல்லு முதல்ல."

மேல் லயமும் கீழ் லயமும் முதல் தடவையாகச் சரிக்குச் சரி நின்று சண்டை போட்டதை அன்றுதான் பார்த்தேன். அப்பா மட்டும் ஓரமாக உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அத்தை இரண்டு கையாலும் தாலியைப் பொத்திக்கொண்டு காமன் கொம்பை ஒட்டி நின்றாள். கடைசியில் பூசாரிதான் வழி சொன்னார்.

"காமன் எரிஞ்சானா இல்லையான்னு நாமளா முடிவு பண்றது? லாவணி எதுக்கு இருக்கு? எரிஞ்ச கட்சி ஜெயிச்சா, மன்மதன் போயிட்டான், அது வெறும் கூத்துத் தாலி. அவுத்துச் சாம்பலோட சாம்பலாப் போட்டுடலாம், ஒரு தோசமும் இல்ல. எரியாத கட்சி ஜெயிச்சா புருசன் உசுரோட இருக்கான். கட்டினது கட்டினதுதான். யாரும் அப்புறம் பேசக் கூடாது. என்ன கங்காணி?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். "சரி" என்றார் அப்பா. மேல் லயத்தார் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா தோற்பதாவது! அப்போதே விஷயம் முடிந்துவிட்ட மாதிரி வெற்றிலைக்குப் பதிலாக எதையோ மென்றுகொண்டு கலையத் தொடங்கினார்கள்.

"எரியாத கட்சிக்கு யாரு பாடுவா? அவங்கதான் லாரியில போயிட்டாங்களே" என்றார் கிராணி.

"எதிர்ப்பாட்டு இல்லாம லாவணி இல்ல" என்று சொன்னது அப்பாதான்.

பெண்கள் கூட்டத்திலிருந்து அம்மா முன்னால் வந்தாள். "நான் பாடறேன்."

சனம் சிரித்த சிரிப்பில் காமன் கொம்பே ஆடியிருக்கும். அதுவரை எந்தப் பெண்ணும் டேப்பைக் கையால் தொட்டதில்லை. அம்மா சிரிக்கவில்லை. "பன்னெண்டு வருசமா இவரு பாடறதக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. எங்கே மூச்சு வாங்குவாரு, எங்கே முழிப்பாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் நடந்த கூத்துதான் உண்மையான கூத்து. ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, அதனருகே அம்மா முணுமுணுவென்று பாட்டுக் கட்டுவாள். அப்பா உள்ளே வந்தால் வாயை மூடிக்கொண்டு சட்டியைக் கிண்டுவாள். அப்பாவும் வாசலோடு நின்று, "உளவு பாக்க வரல. தண்ணி குடிக்க வந்தேன்" என்பார். தானும் பாட்டுக் கட்ட வேண்டுமே என்று கிழங்குக்காட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வரப்பில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுப் பாடுவார். எனக்கு ஒருதடவை கேட்டால் போதும், மனசில் நின்றுவிடும். அது அவர் கொடுத்த சொத்து.

அம்மா என்னதான் முணுமுணுத்தாலும் லயத்துச் சுவர் பலகைதானே. கேள்வி என்ன என்று அப்பா தெரிந்துகொண்டுவிட்டார். ஒரு நாள் காட்டில் அதைப் பாடிக் காட்டிவிட்டு, "பாப்பா, உங்கம்மா கேக்குற கேள்வி லேசுப்பட்டது இல்ல" என்றார். பிறகு அதற்குப் பதிலையும் பாடினார். பாடி முடித்ததும் நான் கையைத் தட்டிக் குதித்தேன். அப்படியொரு பதில்! அம்மா ஒழிந்தாள் என்று நினைத்தேன். பெற்ற அம்மா தோற்கப்போகிறாள் என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம். அப்பா மீசையைத் தடவவில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று மட்டும் சொன்னார்.

பௌர்ணமி நாளில் உச்சிப்பொழுதுக்கே காமனைக் கொளுத்தினார்கள். பகலில் எரிகிற நெருப்பு பார்க்கச் சோகையாகத்தான் இருந்தது. புகை எழும்பி மஞ்சோடு கலந்து, எது புகை எது மஞ்சு என்று தெரியாமல் போயிற்று. நாங்கள் சிறுவர்கள் ஓரத்துத் தணலில் சர்க்கரைவள்ளியைப் புதைத்து வைத்தோம். சாமி குற்றம் என்று யாரும் அதட்டவில்லை. பசிக்காத ஆள் யார் இருந்தார்கள்?

சாம்பலுக்கு இந்தப் பக்கம் அப்பா. அந்தப் பக்கம் அம்மா. நடுவே அரிதாரம் கலையாத அத்தை. கீழ் லயத்துச் சனத்தோடு சனமாக மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல அப்பா பக்கம், அவர் தொடையை ஒட்டி உட்கார்ந்தேன்.

அப்பா தொடங்கினார்.

"நெற்றிக்கண் தீயிலே நின்னவன் யாரு – இங்கே
நீறாகிப் போனதை வந்து நீ பாரு!"

அம்மா டேப்பை ஒருதடவை உள்ளங்கையால் தட்டினாள். முதல் அடி தப்பாக விழுந்தது. யாரோ சிரித்தார்கள். இரண்டாவது அடி சரியாக விழுந்தது.

"நீறுன்னு சொல்லுது உங்க கண்ணு – ஐயா
நேருக்கு நேர் பார்க்குது ரதி கண்ணு!"

"அப்படிப் போடு!" என்று ஒரு பெண் குரல் கூவியது. அதன்பின் சிரிப்பு நின்றது. மேலும் மேலும் போனது பாட்டு. புராணத்தை இழுத்தார் அப்பா, சமையலறையை இழுத்தாள் அம்மா. எரிந்த கட்டைக்குக் கணக்குக் கேட்டார் அவர், எரியாத ஆசைக்குக் கணக்குக் கேட்டாள் இவள். மேல் லயத்துப் பெண்கள் மெல்ல மெல்ல நகர்ந்து அம்மா பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். புருஷன்மார்கள் முறைத்துப் பார்த்தும் பலனில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கேள்வி வரட்டும், வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது.

"கவாத்துக் கத்தியால் வெட்டின செடியும்
கட்டையாய் நின்னுதான் துளிர்க்குதையா – மலைத்
தேயிலை செத்ததென்று சொன்னவர் யாரு
தெரிஞ்சவர் இருந்தால் சொல்லுமையா!"

கூட்டம் 'ஆ' என்று மூச்சை இழுத்தது. கவாத்து வெட்டிய தேயிலையைப் பார்க்காதவர் அங்கே யாரும் இல்லை. ஒரு இலைகூட இல்லாமல் குச்சியாக நிற்கும். அடுத்த மழைக்குப் பச்சை விடும். அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன்.

அப்பா பாடவில்லை.

டேப்பைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. அத்தையைப் பார்த்தார். சாம்பலைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"கங்காணி, பதில் இருக்கா?" என்றார் பூசாரி.

அப்பா யோசிக்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

என்னால் தாங்க முடியவில்லை. அவர் தொடையைக் கிள்ளினேன். "அப்பா, சுட்ட கிழங்கு" என்று கிசுகிசுத்தேன். பதில் பாட்டின் உயிரே அந்த அடியில்தான் இருந்தது. அவர் காதில் விழாத மாதிரி இருந்தார்.

"கங்காணி, ரெண்டாந் தடவை கேக்கறேன். பதில் இருக்கா?"

நான் எழுந்து நின்றேன். "அப்பா! சுட்ட கிழங்கு! சுட்ட கிழங்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஒரு கணம் அப்பா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அப்படியொரு பயத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "யாராச்சும் இந்தப் புள்ளைக்கு ஒரு கிழங்கு எடுத்துக் குடுங்கப்பா. காலையிலேருந்து ஒண்ணும் திங்கல" என்றார்.

பொய்! காலையில் இரண்டு கிழங்கு தின்றிருந்தேன். ஆனால் கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பாவம், பசி காதை அடைக்குதுலா" என்று ஒரு ஆள் தணலைக் கிளறிச் சுடச்சுட ஒரு சர்க்கரைவள்ளியை என் கையில் திணித்தார். கை சுட்டது. கீழே போடவும் மனசில்லை. கையை மாற்றி மாற்றிக்கொண்டு, அழுதுகொண்டு நின்றேன். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

"மூணாந் தடவை. பதில் இருக்கா?"

"இல்ல" என்று அப்பா டேப்பைச் சாம்பல் ஓரமாகக் கீழே வைத்தார்.

கீழ் லயத்திலிருந்து தப்பு கிளம்பிற்று பாருங்கள், மலை அதிர்ந்தது. பெண்கள் அம்மாவைத் தூக்காத குறை. அத்தை ஓடிவந்து அம்மாவின் காலில் விழுந்தாள். அப்பா காலில் விழ வந்தபோது அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நடந்துவிட்டார். தோற்றுப்போன ஆத்திரம், பாவம் என்றார்கள். மேல் லயத்து ஆண்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். ஆனால் வார்த்தை கொடுத்தாகிவிட்டதே. லாவணியில் தீர்ந்த சங்கதியைப் பிறகு யார் பேசுவது?

அன்று சாயங்காலம் மாமா அரிதாரத்தைக் கழுவிவிட்டு எங்கள் வாசலுக்கு வந்து, எட்டியே நின்றார். "என்ன அங்கேயே நிக்கிறீங்க? உள்ளார வாங்க" என்று அம்மா கூப்பிட்டு, சீனியில்லாத தேத்தண்ணியை எங்கள் வீட்டுக் குவளையிலேயே ஊற்றிக் கொடுத்தாள். அப்பா பின்பக்கமாகக் கிழங்குக்காட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் கிராணி மூன்றாவது பேரை அடித்தார். லாரி வந்தபோது இரண்டு பேர் ஏறினார்கள். அவர்கள் திரும்பி வரவேயில்லை. மாமாவும் அத்தையும் ஆறு பிள்ளைகள் பெற்று, அதே மலையில் கிழவன் கிழவியாகும்வரை சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

அப்பாவின் பேர்தான் கெட்டது. "பொண்டாட்டிகிட்ட தோத்த கங்காணி" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அம்மா சும்மா இருந்தாளா? கவாத்துக் கத்தியைக் கண்டபோதெல்லாம் அந்தப் பாட்டை ஒரு தடவை பாடிவிட்டுத்தான் மறுவேலை. அப்பா அதற்கும் சிரிப்பார்.

லாவணிக்கு மறுநாள் காலையில் அப்பா வாசலில் உட்கார்ந்து கொழுந்துக் கூடைக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தார். நான் முந்தின நாளிலிருந்து அவரோடு பேசவில்லை. வன்மம் தாங்காமல் அன்று நானே போய் எதிரே நின்றேன்.

"உங்களுக்குத்தான் அந்தப் பாட்டு தெரியுமே. ஏன் பாடல?"

"மறந்துடுச்சு பாப்பா."

"எனக்கு மறக்கல. நான் பாடவா?"

"பாடு" என்றார், பின்னலிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வெட்டின செடியிலே வேர் இருக்கு – அது
விட்ட மழைக்கொரு துளிர் எடுக்கும்
சுட்ட கிழங்கிலே கொடி வருமோ…"

அத்தோடு எனக்கு நின்றுவிட்டது. விசும்பலில் கடைசி அடி வரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தேன். அப்பா பிரம்பின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி முடித்தார்.

"சுடுகாட்டுச் சாம்பலில் உயிர் வருமோ."

"பாத்தீங்களா, பாத்தீங்களா! இப்ப வந்துடுச்சு!" என்று நான் காலை உதைத்துக்கொண்டு அழுதேன். "இது நேத்து வந்திருக்கக் கூடாதா?"

"என்ன செய்யறது, வரலையே" என்று அவர் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய நெஞ்சு குலுங்கியது. அப்பாவும் அழுகிறார் என்று நினைத்து, நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். ஒரே ஒரு நாள் பிந்தி நினைவு வந்ததே, எங்கள் அப்பாவுக்கு இப்படியா நேர வேண்டும் என்று இருந்தது. இது வெளியே தெரிந்தால் இன்னும் சிரிப்பார்கள். அவருடைய மானத்தை நானாவது காப்பாற்ற வேண்டும் என்று, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.